வாசகர் கேள்வி: ஊர்ப்புற நூலகத்துக்கு வாட்ஸ்அப் எதற்கு?

கேள்வி:

அக்கா, வணக்கம். வலங்கைமான் பக்கம் குடமுருட்டிக் கரையில் ஒரு ஊர்ப்புற நூலகத்தில் வேலை பார்க்கிறேன். வயது 49. போன மாதம் எங்களுக்கு ஒரு நாள் பயிற்சி வைத்தார்கள். முகநூல், இன்ஸ்டாகிராம், யூடியூப், கேன்வா, கூகுள் ஃபார்ம், கியூஆர் கோடு என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை சொல்லிக்கொண்டே போனார்கள். நோட்டில் எழுதி வந்ததை இப்போது எடுத்துப் படித்தால் எனக்கே புரியவில்லை. கூட வந்த சின்ன வயதுக்காரர்கள் அங்கேயே ரீல்ஸ் போட்டுக் காட்டினார்கள். எனக்கு வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பத் தெரியும், அவ்வளவுதான். மகளிடம் கேட்டால் போனை வாங்கி அவளே செய்துவிட்டுத் திருப்பித் தருகிறாள். நூலகத்துக்கு ஒரு நாளைக்கு 15 பேர் வந்தால் அதிகம். புத்தகம் கொடுக்கவும் பதிவேடு எழுதவும் சேர்ந்த எனக்கு இதெல்லாம் என் வேலைதானா என்றே சந்தேகமாக இருக்கிறது. வேலைதான் என்றால் எங்கிருந்து தொடங்குவது?

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இதே சந்தேகத்தோடு நானும் சில வருடம் இருந்திருக்கிறேன். கும்பகோணம், பாபநாசம் பக்கத்துக் கிளை நூலகங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான், கடைசி ஏழெட்டு வருடத்தில்தான் இந்தப் போன் வேலையெல்லாம் கற்றுக்கொண்டேன்.

முதலில் அந்த ஒரு நாள் பயிற்சியை மறந்துவிடுங்கள். ஆறு கருவியை ஆறு மணி நேரத்தில் சொன்னால் யாருக்கும் நிற்காது, அந்தச் சின்ன வயதுக்காரர்களுக்கு நின்றது என்றால் அவர்களுக்கு அது முன்பே தெரியும், அவ்வளவுதான். நூலகத்தில் சேர்ந்த புதிதில் பகுப்பு எண்ணைப் பார்த்து எந்தத் தட்டு என்று கண்டுபிடிக்க நமக்கு எத்தனை மாதம் ஆனது என்று நினைத்துப் பாருங்கள். வாசகர் ஒருவர் எதிரில் நின்றுகொண்டு கேட்டார், தேடினோம், எடுத்துக் கொடுத்தோம், அப்படிப் பல தடவை செய்தபோதுதான் வந்தது. போனும் அப்படித்தான் வரும். தேவை ஒன்று எதிரில் நிற்க வேண்டும்.

சரி, இது நம் வேலையா என்ற கேள்விக்கு வருகிறேன், அதைத் தீர்த்துக்கொள்ளாமல் எதைக் கற்றாலும் மனம் ஒட்டாது.

உங்கள் ஊரிலிருந்து மன்னார்குடி எவ்வளவு தூரம்? அதற்குப் பக்கத்தில் மேலவாசல் என்று ஒரு கிராமம். 1931 அக்டோபரில் அங்கேதான் கனகசபைப் பிள்ளை என்பவர் ஒரு மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றி நடமாடும் நூலகத்தைத் தொடங்கினார், அதைத் தொடங்கி வைத்தவர் எஸ்.ஆர். ரங்கநாதன். சீர்காழியில் பிறந்த அதே ரங்கநாதன், நாம் ஆகஸ்ட் 12, நூலகர் தினத்தன்று படத்துக்கு மாலை போடுகிறோமே, அவர்தான். நம் டெல்டாவின் வண்டிப்பாதையில் மழை பெய்தால் சக்கரம் பதியும், வாய்க்கால் பாலம் குறுகல், அதிலும் ஊர் ஊராகப் புத்தகம் போனது. எதற்காக? மன்னார்குடிக்கு வந்து வாங்கிக்கொள்ளட்டும் என்று விட்டிருக்கலாம். வயலில் வேலை முடித்தவர் எட்டு மைல் நடந்து புத்தகத்துக்காக வரமாட்டார் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அவர் இருக்கும் இடத்துக்குப் புத்தகம் போக வேண்டும். அது அன்றைக்கே நூலகர் வேலையாக இருந்தது. இன்றைக்கு அவர் உட்கார்ந்திருக்கும் இடம் போன்.

ரங்கநாதனைப் பற்றி இன்னொன்றும் உங்களுக்குச் சொல்ல வேண்டும். கணக்கு ஆசிரியராக இருந்தவர், 1924ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகச் சேர்ந்தார். சேர்ந்த சில நாளிலேயே வேலை பிடிக்காமல் மறுபடியும் கணக்கு சொல்லித் தரவே போய்விடுகிறேன் என்று கேட்டார். பிறகு லண்டனுக்கு அனுப்பினார்கள், அங்கே நூலகங்கள் நடக்கும் விதத்தைப் பார்த்த பிறகுதான் மனம் மாறியது. நூலகத்தின் ஐந்து விதிகளை எழுதியவருக்கே முதலில் ‘இது என் வேலையா’ என்று தோன்றியிருக்கிறது. உங்களுக்குத் தோன்றியதில் தப்பே இல்லை.

இப்போது உங்கள் நூலகத்துக்கு வராதவர்களை ஒரு தாளில் எழுதுங்கள். நிஜமாகவே எழுதுங்கள். முட்டி வலியால் படியேற முடியாத ஓய்வு பெற்ற வாத்தியார், கல்யாணமாகிக் கைக்குழந்தையோடு குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் பெண், சிங்கப்பூரிலிருந்து திரும்பி வந்து தென்னை வைத்திருப்பவர், பள்ளிக்கூடம் விட்டதும் நேராக டியூஷனுக்கு ஓடும் பிள்ளைகள். ஊர்ப்புற நூலகருக்கு இந்தப் பட்டியலை எழுத யாரும் பயிற்சி கொடுக்க வேண்டாம். நகரத்தில் பெரிய நூலகத்தில் இருப்பவர்களுக்கு இது தெரியாது, உங்களுக்குத் தெரியும். பட்டியலில் இருக்கிறவர்கள் எந்தச் செயலியைத் திறக்கிறார்கள் என்று பாருங்கள். நான் பார்த்தவரை நம் பக்கத்துக் கிராமங்களில் எல்லோருக்கும் பொதுவாக இருப்பது வாட்ஸ்அப்தான். அதனால் இன்ஸ்டாகிராம், யூடியூப் எல்லாவற்றையும் ஒரு வருடத்துக்குத் தள்ளி வையுங்கள். உங்களுக்குத் தெரிந்த ஒன்றே ஒன்று வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்புவது என்று எழுதியிருந்தீர்கள். பாதி வேலை அதுதான்.

ஆனால் உங்கள் சொந்த எண்ணில் தொடங்காதீர்கள். இதில் நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு கிளை நூலகத்தில் இருந்தபோது என் சொந்த முகநூல் கணக்கிலிருந்து நூலகத்துக்கு ஒரு பக்கம் திறந்தேன், நன்றாகத்தான் போனது, முன்னூறு பேர் வரை சேர்ந்தார்கள். இரண்டு வருடத்தில் எனக்கு இடமாற்றம். பக்கத்தை எப்படி ஒப்படைப்பது என்று எனக்கும் தெரியவில்லை, புதிதாக வந்தவருக்கும் தெரியவில்லை. நூலகத்தின் பெயரில் கேள்விகள் வருடக்கணக்கில் வந்துகொண்டே இருந்தன, பதில் சொல்ல ஆள் இல்லை. அலமாரிச் சாவியை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டது மாதிரிதான் அது. இன்றைக்கும் எனக்கு அது உறுத்தல்.

ஆகவே நூலகத்துக்கென்று ஒரு சிம், ஒரு மின்னஞ்சல். வாசகர் வட்டத்தில் கேட்டுப் பாருங்கள், புரவலர் யாராவது சிம்மையும் வருட ரீசார்ஜையும் ஏற்றுக்கொள்வார்கள். தனி போன்கூடத் தேவையில்லை, உங்கள் போனில் இரண்டாவது சிம் போட்டு வாட்ஸ்அப் பிசினஸ் என்ற இலவசச் செயலியை ஏற்றினால் உங்கள் சொந்த வாட்ஸ்அப்பும் அதுவும் தனித்தனியாக ஓடும். ரீசார்ஜை மட்டும் விட்டுவிடாதீர்கள், நெடுநாள் விட்டால் எண் வேறொருவருக்குப் போய்விடும். அமைப்புகளில் இரட்டைச் சரிபார்ப்பு என்று இருக்கும், அதில் ஆறு இலக்க எண் ஒன்று வைக்கச் சொல்லும். அந்த எண், மின்னஞ்சல் கடவுச்சொல் எல்லாவற்றையும் ஒரு உறையில் போட்டு ஒட்டி இருப்புப் பதிவேட்டோடு வையுங்கள், பொறுப்பு ஒப்படைக்கும்போது அந்த உறையும் போகட்டும். ஓடிபி கேட்டு யார் போன் செய்தாலும், அதிகாரி என்று சொன்னாலும், கொடுக்கக் கூடாது. தொடங்கும் முன் மாவட்ட நூலக அலுவலருக்கு இந்த எண்ணில் இன்னது செய்யப்போகிறேன் என்று ஒரு கடிதம் எழுதி அனுமதி வாங்கிவிடுங்கள். நமக்கு 1973ஆம் ஆண்டு அரசு ஊழியர் நடத்தை விதிகள் இருக்கின்றன, கட்சி, சாதி, மதம் பற்றிய எதுவும் நூலக எண்ணிலிருந்து போகக் கூடாது, மற்றவர் அனுப்பியதை அப்படியே ஃபார்வர்ட் செய்யவும் கூடாது.

அடுத்தது குழுவா, சேனலா. பெரும்பாலும் எல்லோரும் குழுவைத்தான் தொடங்குகிறார்கள், நானும் அப்படித்தான். குழுவில் 1024 பேர் வரை சேர்க்கலாம், ஆனால் ஒவ்வொருவர் எண்ணும் மற்ற எல்லோருக்கும் தெரியும். எங்கள் குழுவிலிருந்து ஒரு கல்லூரிப் பெண்ணின் எண்ணை எடுத்து எவனோ ராத்திரி நேரத்தில் கூப்பிட ஆரம்பித்தான். அவளுடைய அப்பா நூலகத்துக்கு வந்து என் முன்னால் நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது. அந்தப் பெண் அதற்குப் பிறகு நூலகத்துக்கே வரவில்லை. ஒரு வாசகரை நானே இழந்தேன். அதனால் சேனல் திறங்கள். 2023ல் வந்த வசதி அது. சேர்ந்திருப்பவர்களின் எண் ஒருவருக்கொருவர் தெரியாது, நீங்கள் மட்டும்தான் போட முடியும், காலை வணக்கப் பூக்களும் கோயில் நன்கொடை ரசீதும் உள்ளே வராது. கேட்க நினைப்பவர்கள் நூலக எண்ணுக்குத் தனியாக எழுதுவார்கள். அந்த எண்ணையும் திறந்திருக்கும் நேரத்தையும் சேனல் விவரத்திலேயே போட்டுவிடுங்கள். சேனலுக்கான கியூஆர் கோடை அச்சடித்து நூலக வாசலில், ரேஷன் கடையில், டீக்கடையில், பள்ளிக்கூடத் தகவல் பலகையில் ஒட்டினால் போதும். பயிற்சியில் சொன்ன கியூஆர் கோடு இதற்குத்தான், இப்போது மறக்காது பாருங்கள்.

சேனலை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்பதால் ஒன்று சொல்கிறேன். புத்தகம் திருப்பித் தராதவர்கள் பட்டியலை அதில் போட்டுவிடாதீர்கள். இன்னார் இன்ன புத்தகம் எடுத்தார் என்று பெருமையாகக்கூடப் போட வேண்டாம். ஒருவர் எதைப் படிக்கிறார் என்பது அவருக்கும் நூலகருக்கும் நடுவில் இருக்கிற விஷயம். கடனைப் பற்றிய சட்டப் புத்தகம் எடுத்தவர், கருத்தரிப்பு பற்றிய புத்தகம் எடுத்த பெண், இவர்கள் நம்மை நம்பித்தான் எடுத்தார்கள்.

என்ன போடுவது? இதுதான் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம், இதில் உங்களுக்கு யாரும் ஈடில்லை. பொன்மொழி வேண்டாம், தலைவர் பிறந்தநாள் படம் வேண்டாம், அதெல்லாம் ஊரில் ஏற்கெனவே சுற்றுகிறது. ஒரு புத்தகம். அட்டையை வாசல் வெளிச்சத்தில் வைத்து, பளபளப்பு விழாமல் சற்றுச் சாய்த்துப் படம் எடுங்கள். கீழே மூன்று வரி. அந்தப் பட்டியலில் எழுதினீர்களே, அதில் ஒரே ஒரு ஆளை மனதில் வைத்து அவருக்குச் சொல்வதுபோல எழுதுங்கள். “தென்னையில் காண்டாமிருக வண்டு குருத்தைத் துளைக்கிறதா? படத்தோடு ஒரு சின்னப் புத்தகம் வந்திருக்கிறது, ஒரு சாயங்காலத்தில் படித்து முடிக்கலாம். இரண்டாவது அலமாரி, மேல் தட்டு.” அவ்வளவுதான். சிங்கப்பூர்க்காரர் மறுநாள் வருவார். அவருக்காக எழுதியது தென்னை வைத்திருக்கிற மற்றவர்களுக்கும் பொருந்தும். எல்லோருக்கும் என்று எழுதினால் யாருக்கும் எழுதியதாக ஆகாது, நான் பல மாதம் அப்படி எழுதி வீணாக்கினேன்.

நாள்தோறும் போட வேண்டிய கட்டாயமும் இல்லை. வாரத்துக்கு இரண்டு போதும். நடவு நேரத்தில், அறுப்பு நேரத்தில் யாரும் பகலில் போன் பார்ப்பதில்லை, ராத்திரி ஏழு எட்டு மணிக்குப் போடுங்கள். பரீட்சைக் காலத்தில் பிள்ளைகளுக்கு, கோடை விடுமுறையில் அம்மாக்களுக்கு, ஜூன் 12 நெருங்கும்போது, மேட்டூர் திறப்பார்களா என்று ஊரே பேசும்போது, விவசாயப் புத்தகங்களுக்கு. ஊரின் வருடம் உங்களுக்குத் தெரிந்ததுதானே.

போட்ட பிறகு நடப்பதைத்தான் பயிற்சியில் யாரும் சொல்ல மாட்டார்கள். நாலு பேர் தனியாக எழுதுவார்கள். “அக்கா, அது இருக்கா? எனக்கு எடுத்து வைங்க.” உடனே எடுத்துத் தனியாக வையுங்கள், பெயரை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிச் செருகுங்கள், “வைத்திருக்கிறேன், சனிக்கிழமைக்குள் வாங்கிக்கொள்ளுங்கள்” என்று பதில் போடுங்கள். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது ரங்கநாதனின் நாலாவது விதி. கைக்குழந்தைக்காரப் பெண்ணுக்கு நூலகத்தில் வந்து தேட அரை மணி நேரம் இல்லை, ஆனால் வாசலில் வந்து வாங்கிக்கொண்டு போக ஐந்து நிமிடம் இருக்கிறது. இந்த ஒன்றினால் மட்டும் என் நூலகத்தில் பெண்கள் எடுக்கும் புத்தகங்கள் கண்ணுக்குத் தெரிகிற அளவு கூடின.

அப்புறம் இன்னொரு வேலை தானாக வரும், அதைத் தட்டிக்கழிக்காதீர்கள். ஊரில் சுற்றுகிற செய்தியை உங்களிடம் அனுப்பி “அக்கா, இது நிஜமா?” என்பார்கள். தேர்வுத் தேதி மாறிவிட்டது, பயிர்க் காப்பீட்டுக்கு நாள் நீட்டித்துவிட்டார்கள், இந்த இணைப்பை அழுத்தினால் உதவித்தொகை என்று. கஜா 2018 நவம்பரில் அடித்துவிட்டுப் போன பிறகு, எங்களுக்கு டவர் திரும்பி வந்த அன்றைக்கே, இன்னொரு புயல் வருகிறது என்ற குரல் பதிவு நாலு பேரிடமிருந்து எனக்கு வந்தது. கூரை இழந்தவர்கள் அதைக் கேட்டு எப்படித் துடித்திருப்பார்கள். வானிலை மையத்தின் அறிவிப்பைத் தேடிப் பார்த்தேன், அப்படி எதுவும் இல்லை, அதைக் கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னேன். ஆதாரம் எங்கே இருக்கிறது என்று தேடிக் கொடுப்பது நாம் காலங்காலமாகச் செய்கிற வேலை. தேர்வு என்றால் டிஎன்பிஎஸ்சியின் சொந்த இணையதளம், காப்பீடு என்றால் வேளாண் துறை அறிவிப்பு, அங்கே பார்த்து, அறிவிப்பின் தேதியையும் சேர்த்துப் போடுங்கள். தெரியாவிட்டால் “பார்த்துச் சொல்கிறேன்” என்று எழுதுங்கள். அவசரப்பட்டு ஒரு தடவை தப்பாகச் சொன்னால் அந்த நம்பிக்கையை மீட்க நாளாகும்.

பிடிஎஃப் கேட்பார்கள். நிறையக் கேட்பார்கள். புதுப் புத்தகத்தை ஸ்கேன் செய்து அனுப்புங்கள் என்று படித்தவர்களே கூச்சமில்லாமல் கேட்பார்கள். கண்டிப்பாக முடியாது என்று சொல்லுங்கள். நம் நாட்டில் எழுதியவர் இறந்து 60 ஆண்டுகள் முடியும்வரை உரிமை அவர் குடும்பத்துக்கோ பதிப்பாளருக்கோ இருக்கிறது, இறந்த வருடத்துக்கு அடுத்த வருடத்திலிருந்து எண்ணிக்கை. நம் கும்பகோணத்து எழுத்தாளர்களையே எடுத்துக்கொள்ளுங்கள், கு.ப.ரா. 1944ல் இறந்தார், அவர் கதைகளைத் தாராளமாகப் பகிரலாம். 1982ல் இறந்த தி. ஜானகிராமனுக்கு 2042 முடிய வேண்டும். நாட்டுடைமை ஆக்கப்பட்டவை வேறு கணக்கு, அவற்றைப் பகிரலாம். அட்டைப் படமும் நீங்கள் எழுதிய மூன்று வரியும் போதும், உள்ளே இருக்கும் பக்கங்களை எடுத்துப் போட வேண்டாம். பிடிஎஃப்தான் வேண்டும் என்பவருக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தைக் காட்டுங்கள், 1998லிருந்து பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இலவசமாகத் தரும் மதுரைத் திட்டத்தைக் காட்டுங்கள். எப்படித் தேடுவது என்று கூட உட்கார்ந்து சொல்லிக்கொடுங்கள். இலவசமாகவும் நேர்மையாகவும் கிடைப்பது அவ்வளவு இருக்கிறது என்பது பல பேருக்குத் தெரியவே தெரியாது.

பிள்ளைகள் படம் போடும்போது பெற்றோரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். 2023ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழே எல்லோரையும் குழந்தை என்றுதான் சொல்கிறது. கதை சொல்லும் நிகழ்ச்சி வைத்தால் பிள்ளைகளின் முதுகுப் பக்கமிருந்து, கதை சொல்பவர் முகம் தெரிகிறமாதிரி எடுங்கள். படமும் நன்றாக இருக்கும்.

தட்டச்சு தெரியவில்லை என்று தயங்காதீர்கள். போனின் விசைப்பலகையில் மைக் படத்தை அழுத்தித் தமிழில் பேசினாலே எழுதிவிடும், ற, ர மட்டும் திரும்பப் பார்த்துத் திருத்துங்கள், நூலகத்தின் பெயரில் போவது பிழையோடு போகக் கூடாது. நூலகக் கணினியில் பழைய புத்தகப் பட்டியல் பாமினி மாதிரி எழுத்துருவில் இருந்தால் அது போனில் வெறும் ஆங்கில எழுத்தாகக் கொட்டும். அதை யூனிகோடுக்கு மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாக இருக்கின்றன. கூகுள் மேப்பில் உங்கள் நூலகம் இருக்கிறதா, நேரமும் விடுமுறை நாளும் சரியாக இருக்கிறதா என்றும் ஒரு தடவை பாருங்கள். வெயிலில் சைக்கிள் மிதித்து வந்து பூட்டிய கதவைப் பார்த்த பையன் அடுத்த முறை வரமாட்டான்.

உங்கள் மகள் விஷயம். அவளுக்குப் பொறுமை இல்லை என்று நினைக்க வேண்டாம், அவளுக்கு அது கை வேகம். போனைக் கொடுக்காதீர்கள். உங்கள் கையிலேயே வைத்துக்கொண்டு, “நீ தொடாமல் வாயால் மட்டும் சொல்லு” என்று சொல்லுங்கள். அவள் சொல்லச் சொல்ல நீங்கள் அழுத்தி, ஒவ்வொரு படியையும் உங்கள் வார்த்தையில் நோட்டில் எழுதுங்கள், “மூன்று புள்ளி, அதில் இரண்டாவது வரி” என்று. மறுநாள் நோட்டை மட்டும் பார்த்துத் தனியாகச் செய்யுங்கள். மாட்டிக்கொண்டால் நூலகத்தில் குரூப் 4க்குப் படிக்கும் பிள்ளைகளைக் கேளுங்கள், அவர்களுக்கு நீங்கள் எவ்வளவோ எடுத்துக் கொடுத்திருக்கிறீர்கள், ஆசையாகச் சொல்லித் தருவார்கள். ரீல்ஸ் போட்ட அந்தச் சின்ன வயது நூலகர்களின் எண்ணையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அவர்களுக்குக் கருவி தெரியும், எந்தப் புத்தகத்தை யாருக்குச் சொல்வது என்று உங்களுக்குத் தெரியும். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள நிறைய இருக்கும்.

எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை இதயம் விழுந்தது என்று எண்ணிக்கொண்டு உட்காராதீர்கள். வாசகர் வருகைப் பதிவேட்டில் ஓரமாகப் பென்சிலால் ஒரு கோடு போட்டு, சேனலைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் பெயருக்கு எதிரே ஒரு புள்ளி வையுங்கள். மேலே கேட்டால் காட்டவும் அது உதவும். முதல் மாதம் மூன்று புள்ளிதான் இருக்கும், எனக்கு இரண்டுதான் இருந்தது.

இந்த வாரம் மூன்றே வேலை. வராதவர்கள் பட்டியல், அலுவலருக்குக் கடிதம், சிம். அனுமதி வந்த அன்று சாயங்காலமே பட்டியலில் முதல் பெயருக்கு ஏற்ற புத்தகத்தைத் தேடி எடுத்துப் படம் எடுங்கள். அந்த மூன்று வரியை எழுதிப் போடுவதற்கு முன்னால் எனக்கு அனுப்பிவையுங்கள், படித்துப் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அக்கா